டில்லோ செத்த பிறகு வந்த டில்லோக்கள்

ஒரு படத்தின் கடைசியில் சுடப்பட்டு, மண்ணில் குப்புற விழுந்து, தொப்பி தனியாக உருண்டு போய், பின்னணியில் விசில் இசையும் போட்டு முடித்துவிட்ட ஆள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்படிக் குதிரையில் வருகிறார்? நான்காம் வகுப்பில் எனக்கு இருந்த ஒரே பெரிய பிரச்சினை இதுதான். மீதி வரும் வகுத்தல்கூட என்னை இவ்வளவு படுத்தியதில்லை.

வந்தவருக்கு முகமும் வேறு. அதுதான் இன்னும் மோசம். போன வாரம் நீலக் கண்ணும் தாடியுமாக இருந்தவர், இந்த வாரம் தாடியில்லாமல், சப்பை மூக்கோடு, ஏதோ பெரியப்பா முறைக்காரர் மாதிரி வந்து இறங்குகிறார். எல்லோரும் அவரைப் பார்த்து “டில்லோ வந்துட்டான்” என்று ஓடுகிறார்கள். ஒருவர்கூட “நீ டில்லோ இல்லையே, டில்லோவை நாங்க போன வாரம்தானே புதைச்சோம்” என்று கேட்பதில்லை.

படங்கள் மாமாவுடையவை. மாமா அம்மாவின் தம்பி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள்களுக்குப் படம் அமைக்கும் வேலை. நாரணாபுரத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். சம்பளம் வந்ததும் பஜாரில் போய் நாலைந்து சிடி வாங்கிவருவார். எல்லாம் தமிழ் பேசும் இத்தாலிக் குதிரைப் படங்கள். “கதை அமெரிக்கா, எடுத்தவன் இத்தாலிக்காரன், எடுத்த எடம் ஸ்பெயினு, பேசுறது நம்ம தமிழு. நாலு நாட்டுச் சரக்கு ஒரே தட்டுல” என்பார். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால், நானும் மாமாவும் மதியம் வரை எழுந்திருக்கமாட்டோம். வாரத்தில் அந்த ஒருநாள்தான் லீவு என்பதால் அப்பாவும் சுவரில் சாய்ந்தபடி பார்ப்பார். பாதியில் தூங்கிப்போவார். துப்பாக்கிச் சத்தம் அவரை எழுப்பியதே இல்லை. வெடி ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை பார்க்கிறவருக்கு அது ஒரு சத்தமா?

இன்றைக்கும் நான் இந்தப் படங்களின் அடிமை. விடுதியில் என்னோடு தங்கியவர்களை உட்காரவைத்து, தூங்கவிடாமல் காட்டி, சண்டை வாங்கியிருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நிலம். அந்தப் படங்களில் மழை பெய்யாது. பெய்தாலும் யாருக்கும் அதில் சந்தோஷம் இருக்காது. வெடித்த தரை, முள், தூரத்தில் ஒரு புழுதி, புழுதிக்குள்ளிருந்து ஓர் ஆள். சாத்தூர் போகிற ரோட்டில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் அப்படியே இருக்கும். குதிரைக்குப் பதில் லோடு ஆட்டோ, அவ்வளவுதான். மழை இல்லாததால்தான் எங்களுக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் வந்தது என்பார்கள். அந்த ஊர்களுக்கு மழை இல்லாததால் துப்பாக்கி வந்திருக்கிறது என்று நான் எனக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன்.

இரண்டாவது, அந்த ஆட்கள் பேசமாட்டார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை முடிவதற்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். வேர்வை தெரியும், பல் இடுக்கு தெரியும், மூக்கில் உட்கார்ந்த ஈ தெரியும். நல்லவனும் குளிக்கமாட்டான், கெட்டவனும் குளிக்கமாட்டான். யார் நல்லவன் என்று கண்டுபிடிக்கவே அரைப் படம் ஆகிவிடும். எங்கள் தமிழ்ப் படங்களில் வில்லனை வந்தவுடன் கண்டுபிடித்துப் பழகிய எனக்கு, இது பெரிய சவாலாக இருந்தது.

ஆனாலும் அந்தச் சாவுப் பிரச்சினை தீரவில்லை. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் டில்லோவுக்கு ஒரு வம்சாவளி போட்டேன். முதல் டில்லோ, தாடி. இரண்டாவது, சப்பை மூக்கு. மூன்றாவது, இடது கையால் சுடுபவர். நான்காவது, குதிரை ஏறவே சிரமப்படுகிற தொப்பைக்காரர். நால்வருக்கும் குரல் ஒன்றே. சென்னையில் யாரோ ஒரே ஆள் நால்வருக்கும் பேசியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது. குரல் ஒன்றாக இருக்கிறதே, அப்படியென்றால் உள்ளே இருப்பவர் ஒருவர்தானே என்று நினைத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன்.

“இவுக அண்ணந்தம்பியா மாமா?”

“இல்ல புள்ள.”

“அப்பா மகனா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. மொதப் படம் ஓடுச்சு. டில்லோன்னு பேரு போட்டாக் கூட்டம் வரும்னு அடுத்தவன் கண்டுக்கிட்டான். குதிரையில ஏறுறவன் எவனா இருந்தாலும் புடிச்சு டில்லோன்னு பேரு வச்சுட்டான்.”

“மொத டில்லோவ எடுத்தவரு கோவிக்கலையா?”

“அவருகிட்ட எவன் கேட்டான்?”

“ஆனா மொத டில்லோ செத்துட்டாருல்ல?”

மாமா நோட்டை வாங்கிப் பார்த்தார். தொப்பைக்காரரை நான் வரைந்திருந்தது அவருக்குப் பிடித்திருந்தது. “ஆளு செத்தா என்ன, பேரு ஓடுதுல்ல. பேரு ஓடுற வரைக்கும் வேற வேற ஆளு வந்துக்கிட்டேதான் இருப்பான்” என்றார்.

பின்னாளில் நான் தேடித் தேடிப் படித்துப் பார்த்தபோது மாமா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. உரிமை வாங்காமல், முதல் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல், வேறு பெயரில் எடுத்து முடித்த படத்துக்குக்கூடக் குரல்பதிவின்போது நாயகன் பெயரை மாற்றி இரண்டாம் பாகம் என்று விட்டிருக்கிறார்கள். மாமா அதைப் படித்துத் தெரிந்துகொண்டவரில்லை. அவர் வேலையே அதுதான்.

தீபாவளி சீசன் நேரத்தில் ஏதாவது ஒரு கம்பெனியின் லேபிள் வடநாட்டில் நன்றாக ஓடிவிடும். ஒரு வருஷம் ஓடியது ஒரு கௌபாய் லேபிள். வெள்ளைக் குதிரை, சிவப்புத் தொப்பி, கையில் துப்பாக்கி. அதுவும் மாமா கைவேலைதான். சிடி அட்டையைப் பார்த்துச் செய்தது. அடுத்த வருஷம் வேறொரு கம்பெனி முதலாளி அந்தப் பெட்டியையே கையில் கொண்டுவந்து மேஜையில் வைத்து, “இதே மாதிரி வேணும், ஆனா இது இல்ல” என்றாராம். எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெள்ளைக் குதிரை கறுப்பாகும். சிவப்புத் தொப்பி மஞ்சளாகும். துப்பாக்கி இரண்டாகும். முகம்தான் கஷ்டம். முகத்தை மாற்றவில்லை என்றால் முதல் கம்பெனிக்காரர் சண்டைக்கு வருவார்.

புது முகத்துக்கு மாமா எங்கே போவார்? பங்குனிப் பொங்கல் திருவிழாவில் கடைவீதியில் விற்ற வைக்கோல் தொப்பி ஒன்றை அப்பா தலையில் வைத்து, உச்சி வெயிலில் நிறுத்தி, தன் செல்போனில் மாமா ஒரு போட்டோ எடுத்திருந்தார். வெயிலுக்கு அப்பா கண்ணைச் சுருக்கியிருந்தார். இத்தாலிக்காரர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சுருக்குகிறார்களோ, அது அப்பாவுக்கு இயல்பாக வந்திருந்தது.

மாமா அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அம்மா வீட்டில் பெட்டி ஒட்டுவாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான். கம்பெனியிலிருந்து அட்டையும் லேபிளும் லோடு ஆட்டோவில் வரும். அட்டையை மடித்துக் காலிப் பெட்டியாக்கி, மேலே லேபிள் ஒட்டிக் கொடுத்தால் எண்ணிக்கைக்குக் கூலி. அந்த ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா பசைச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லேபிள் கட்டு ஒன்றைப் பிரித்து, கையில் ஒன்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். கறுப்புக் குதிரை. மஞ்சள் தொப்பி. இரண்டு கையிலும் துப்பாக்கி. நடுவில் என் அப்பா.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதவே முடியாது. ஐந்தாவது டில்லோ எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறார். நான் ரஃப் நோட்டை எடுக்க ஓடினேன்.

மாமா வந்ததும் அம்மா லேபிளை அவர் முன்னால் போட்டாள். “ஏலே, இது யாருலே?”

மாமா சிரித்துத் தப்பிக்கப் பார்த்தார். “நல்லாருக்குல்லக்கா? முறைக்கிறதுல மச்சான அடிச்சுக்க ஆளில்ல.”

“உசுரோட இருக்குற மனுசன் மூஞ்சிய வெடிப் பெட்டியில ஒட்டி, ஊரு ஊரா கொளுத்தச் சொல்லுதியா? அதுவும் மருந்துக்குள்ள கைய விட்டு வேல பாக்குற மனுசன?”

அப்பா விஸ்வநத்தம் பக்கம் ஒரு வெடி ஆபீஸில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தார். அம்மா சொன்ன பிறகுதான் மாமாவுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கிழிந்த போட்டோவைக்கூட அடுப்பில் போடமாட்டார்கள். பழைய ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த படத்தைப் பூச்சி அரித்தபோதுகூட அம்மா அதைப் பிய்த்துப் பீரோவில் வைத்தாள். மாமா தலையைச் சொறிந்துகொண்டு, பிளேட் போட்டு அச்சடித்து எல்லாம் முடிந்துவிட்டது, இப்போது மாற்றச் சொன்னால் அச்சக முதலாளி ஏன் என்று கேட்பார், யார் மூஞ்சி என்று தெரிந்தால் வேலையிலிருந்து அனுப்பிவிடுவார் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அப்பா குளித்துவிட்டு வந்து லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மாப்ள, மீசைய எதுக்குலே எடுத்த?” என்றார்.

“சிரிக்கிறீக” என்றாள் அம்மா. “இந்த லோடு முடியுற வரைக்கும் வேலைக்குப் போக வேண்டாம். சொல்லிட்டேன்.”

“சீசன்ல லீவு கேட்டா அடுத்த சீசனுக்கு வீட்டுலயே இருன்னுருவாங்க. பாட்னா வரைக்கும் என் மூஞ்சி போவுது, எனக்கே போக வழியில்ல. விடு.”

அம்மா விடவில்லை. அன்று ஒரு பெட்டியும் ஒட்டவில்லை. மறுநாளும் ஒட்டவில்லை. பசை காய்ந்து சட்டியில் ஏடு கட்டியது. அப்பா காலையில் டிபன் வாளியோடு கிளம்பும்போது அவள் வாசலுக்கு வருவது வழக்கம். அந்த இரண்டு நாளும் வந்து, தெரு முனை திரும்பும் வரை நின்றாள். அவளுக்கும் வேறு வழி இல்லை. ஒட்டாமல் லோடைத் திருப்பி அனுப்பினால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் தம்பிக்கு வேலை போகும். ஒட்டினால் புருஷன் முகம் வெடிக்குப் போகும்.

வழி சொன்னது நான். அப்போதும் இப்போதும் நான் கேட்காமலே வழி சொல்லுகிற ஆள். குதிரைப் படங்களில் வங்கிக் கொள்ளைக்காரர்கள் மூக்குக்குக் கீழே ஒரு கைக்குட்டையை முக்கோணமாக மடித்துக் கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் அவர்கள் யார் என்று அவர்கள் மாமனாருக்கே தெரியாது. அச்சகத்தில் வெட்டிப் போடும் சிவப்புக் காகிதத் துண்டுகளை மாமா எனக்குப் படம் வரைய மூட்டையாகக் கொண்டுவந்து போட்டிருந்தார். ஒன்றை முக்கோணமாக வெட்டி, பசை தொட்டு, அப்பாவின் மூக்கிலிருந்து தாடை வரை ஒட்டிக் காட்டினேன்.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். “இப்ப இது அப்பாவா?” என்று என்னிடம் கேட்டாள்.

“இல்லம்மா. இது திருடன்.”

“சரி. வெட்டு.”

வெட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெட்டினேன், சாப்பிட்டபடி வெட்டினேன், கட்டைவிரலில் கத்தரிக்கோல் தடம் பதிகிற வரை வெட்டினேன். ஒரு பெட்டிக்கு இரண்டு ஒட்டு என்றானதால் அம்மாவின் கூலி பாதியாகக் குறைந்தது. நடுநடுவே அவள் ஒரு பெட்டியை எடுத்துத் தூரத்தில் பிடித்து, “கண்ணு தெரியுதே” என்பாள். கண்ணையும் மூடிவிட்டால் அவர் எப்படிச் சுடுவார் என்று நான் வாதாடினேன். அவள் அடுத்ததை எடுத்தாள்.

எனக்கு ஒரு வருத்தம் மட்டும் இருந்தது. கதாநாயகனாக இருந்த அப்பாவை நானே கொள்ளைக்காரனாக்கிவிட்டேன். அதை அப்பாவிடம் சொன்னேன். “பரவால்ல, கொள்ளைக்காரனுக்குத்தான் கடைசி வரைக்கும் வேல இருக்கும்” என்றார்.

வியாழக்கிழமைதான் அம்மாவுக்கு ஒன்று உறைத்தது. எதிர்வீட்டு மதினி வாசலில் காயவைத்திருந்த பெட்டிகளில் கறுப்புக் குதிரை. அதற்கடுத்த வீட்டிலும் கறுப்புக் குதிரை. லோடு எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததல்ல. தெரு முழுக்க அப்பா துப்பாக்கியோடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்.

அம்மா முக்கோணங்களை ஒரு மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். போய் என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. மதினி பெட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், திரும்பவும் பெட்டியைப் பார்த்தாள்.

“நான் மொத நாளே நெனச்சேன், இது எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு” என்றாள். “அண்ணன் ஆபீசுக்குத்தான போறாக இன்னும்?”

அம்மா தலையாட்டினாள்.

“பைய அங்கன வச்சுட்டுப் போங்க.”

அவ்வளவுதான். காரணம் கேட்கவில்லை. ராத்திரிக்குள் ஏழெட்டு வீடுகளில் சிவப்பு முக்கோணம் ஏறியது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்கள், நின்று பேசினால் நாலு பெட்டி போய்விடும் என்று பேசாமல் ஒட்டுகிறவர்கள், கூலியில்லாத இரண்டாவது ஒட்டை ஏன் ஒட்டினார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. என் யோசனை அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை லோடு எடுக்க வந்த கம்பெனி அண்ணாச்சி ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா, துண்டு கட்டியிருக்கான்? வடக்குத் தெருவுல கட்டலையே.”

அம்மா வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். “அது ரெண்டாம் பாகம். இது மூணாம் பாகம்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு தன் துண்டுச்சீட்டைப் பார்த்தார். “ரெண்டு டிசைன் அடிச்சிருக்காங்களா? எங்கிட்ட ஒருத்தனும் சொல்லித் தொலைய மாட்டான்” என்று முனகியபடி ஒட்டி முடிந்த பெட்டிகளை வண்டியில் ஏற்றச் சொன்னார். மாமா அன்று ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கம்பெனி முதலாளி கூப்பிடவே இல்லை. மூன்றாம் பாகத்தை அவர் தன்னுடையது என்றே நினைத்தாரா, பார்க்கவே இல்லையா, இன்றுவரை தெரியாது.

ஆனால் “வடக்குத் தெரு” என்ற சொல் அம்மாவிடம் தங்கிவிட்டது. எத்தனை தெருவுக்குப் பை தூக்கிக்கொண்டு போக முடியும்?

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. பன்னிரண்டு மணி வாக்கில் நான் வெட்டிக்கொண்டும் அம்மா ஒட்டிக்கொண்டும் இருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. தூரத்தில் யாரோ ஒரு பெரிய கதவைச் சாத்தியது மாதிரி. பாத்திரங்கள் லேசாக அதிர்ந்து நின்றன. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குச் சோதனைக்குப் போடுகிற வெடியும் இதுவும் வேறு என்று தெரியும். அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். தெருவில் எல்லா வாசலிலும் பெண்கள்.  எல்லோரும் வானத்தில் ஒரே திசையைத் தேடினார்கள். பிறகு அது தெரிந்தது. விஸ்வநத்தம் பக்கம், பனைகளுக்கு மேலே, வெள்ளையும் மஞ்சளுமாகப் புகை.

எதிர்வீட்டு மதினி தன் செல்போனைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா அப்பாவின் நம்பரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆபீஸில் எல்லோருடைய போனையும் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், உள்ளே கொண்டுபோகக் கூடாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்பப் போட்டாள். விரலில் இருந்த பசை போன் பொத்தான்களில் ஒட்டியது.

 எனக்குப் பயமில்லை. உண்மையாகவே இல்லை. எனக்கு விஷயம் தெரியும் அல்லவா? அம்மா குதிரைப் படம் எதையும் முழுதாகப் பார்த்ததில்லை, அவளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் சேலையைப் பிடித்து இழுத்து, ரகசியமாக, ஆறுதலாகத்தான் சொன்னேன்.

“கவலைப்படாதம்மா. அப்பா செத்துட்டா அதே பேருல வேற ஒருத்தரு வருவாரு. மூஞ்சி மட்டும்தான் வேறயா இருக்கும்.”

அம்மா என்னைக் குனிந்து பார்த்தாள். அடிக்கவில்லை. அவள் கை வந்து என் வாயை மூடியது. உதட்டில் மைதாப் பசையின் புளித்த ருசி. மூடிய கையை அவள் எடுக்கவேயில்லை. நான் மூக்கால் மூச்சு விட்டபடி நின்றேன். நல்ல செய்தி சொன்னதற்கு ஏன் இப்படி என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டுமோ, எல்லோர் முன்னாலும் சொன்னது தப்போ என்றெல்லாம் யோசித்தேன்.

இரண்டு மணிக்கு மேல் அப்பா வந்தார். சைக்கிளில், மற்ற நாலு பேரோடு. வெடித்தது பக்கத்து ஆபீஸ். இவர்கள் எல்லோரும் காட்டு வழியாக ஓடி, முள்ளில் கிழித்துக்கொண்டு, சுற்றி வந்திருக்கிறார்கள். சட்டை முழுக்கப் புழுதி. முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. நான் அவசரமாகப் போய் முகத்தைத்தான் பார்த்தேன். மீசை இருந்தது. கண் சுருக்கம் இருந்தது. காதோரம் இருந்த வெட்டுத் தழும்பு இருந்தது. பழையவரேதான்.

அம்மா அவரைத் தொடவில்லை, அழவில்லை. “சாப்பிட்டீகளா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் திரும்பி வர நேரமானது. சோறு ஏற்கெனவே வடித்துத்தான் வைத்திருந்தாள். பிறகு ஏன் நேரமானது என்று நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் டிபன் வாளியைத் திறந்து, திறந்ததை மூடி, திரும்பத் திறந்துகொண்டிருந்தார்.

மாமா அன்று அச்சகத்திலிருந்து பாதியிலேயே ஓடிவந்தார். வந்ததும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த லேபிள்களில் முக்கோணம் ஒட்டத் தொடங்கினார். ஒவ்வொன்றிலும் கண்ணையும் சேர்த்து மூடி ஒட்டினார். கண் தெரிய வேண்டும் மாமா என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

பக்கத்து ஆபீஸில் செத்தவர்களில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பாவும் இருந்தார். எனக்கு அடுத்த பெஞ்சுக்காரி. பென்சில் சீவினால் தூளைக்கூடக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்கிற ரகம். அவள் ஒரு வாரத்துக்கும் மேல் பள்ளிக்கூடம் வரவில்லை. வந்த அன்று யாரும் அவளிடம் பேசவில்லை. எல்லோரும் அவளுக்கு இடம் விட்டு, தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருப்பது எனக்கு எப்போதுமே ஆகாது. அம்மா வாயை மூடியது அம்மாவுக்காக. இவளுக்குச் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரஃப் நோட்டைத் திறந்து, வம்சாவளியைக் காட்டி, முதல் டில்லோவிலிருந்து தொப்பைக்காரர் வரை நிதானமாக விளக்கினேன். அவள் சோற்றில் கைவைத்தபடி கேட்டாள். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. இவ்வளவு கவனமாக என் பேச்சைக் கேட்டவர்கள் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

“மூஞ்சி வேறயா இருந்தா எப்பிடித் தெரியும்?” என்றாள் கடைசியில்.

“பேரு அதேதான் இருக்கும். கொரலும் அதேதான் இருக்கும்.”

“எம்புட்டு நாளாகும்?”

அதை மாமாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று இருந்தது. ஆனால் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. “எங்களுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமையே வந்துருச்சு” என்றேன்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வீட்டுக்குப் போகாமல் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்றாள். ரோட்டில் ஆபீஸ் விட்டு வருகிற ஆண்கள் சைக்கிளிலும் நடந்தும் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொருவரும் பேசுகிறபோது தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒருத்தியாகப் பார்த்தால் விட்டுப்போகும் என்று நான் ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். மறுநாளும் நின்றோம். அதற்கடுத்த நாளும்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ எங்கள் டீச்சர் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நின்று, “வீட்டுக்குப் போகாம ரெண்டு பேரும் யாரப் பாத்துக்கிட்டு நிக்கிறீக?” என்றார்.

“இவ அப்பாவ டீச்சர்” என்றேன் நான்.

டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.  குடையை மடக்கினார், திரும்ப விரித்தார், போய்விட்டார். திட்டவில்லை. வீட்டுக்குப் போகவும் சொல்லவில்லை. அனுமதி கிடைத்துவிட்டது என்று நாங்கள் சந்தோஷமாக நின்றோம்.